பூச்சி மாத்திரையும் என் மகளும்

பிள்ளைகளே, உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலை முடிந்த பிறகு உட்கார்ந்து படியுங்கள். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம். புழு, பூச்சி, வெளிக்குப் போவது எல்லாம் வரும்.

போன வாரம் நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவளும் இப்போது ஒன்றியப் பள்ளி ஆசிரியை. குடற்புழு நீக்க நாளில் எடுத்த படம். பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், இவள் முன்னால் நின்று மாத்திரை கொடுக்கிறாள். "டீச்சர், உங்களை மாதிரியே மென்னு முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டச் சொல்லித்தான் அனுப்புறேன்" என்று கீழே எழுதியிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. பதில் போட உட்கார்ந்தேன். "நன்றிம்மா" என்பதற்கு மேல் கை ஓடவில்லை. அந்த மாத்திரையைப் பற்றி என்னிடம் ஒரு கதை இருக்கிறது. பத்து வருஷமாக வீட்டுக்கு வெளியே சொல்லாத கதை. என் மகளிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுதும்மா. என் போட்டோவை மட்டும் போடாதே" என்றாள்.

முதலில் அந்தக் காலத்துக்குப் போகலாம்.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தது 1981-இல். ஆரணி பக்கம் உள்ள ஊர்தான், உங்களில் பாதிப் பேருக்குச் சொல்லவே வேண்டாம். அன்றைக்கு ஊரில் கழிப்பறை உள்ள வீடு இரண்டோ மூன்றோ. மற்ற எல்லோருக்கும் ஏரிக்கரையும் மல்லாட்டைக் கொல்லையும்தான். பிள்ளைகள் காலில் செருப்பு கிடையாது. வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய் கொடுத்து பேதிக்கு விடுவார்கள். வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டிக் கொடுப்பதும் உண்டு. அதையெல்லாம் மீறித்தான் நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு எல்லாம் பிள்ளைகள் வயிற்றில் குடியிருந்தன.

1987-இல் என் நான்காம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பெயர் சொல்ல மாட்டேன். இதை அவளும் படிப்பாள், அவளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எப்போது பார்த்தாலும் பெஞ்சில் தலை சாய்த்துக் கிடப்பாள். விளையாட்டுப் பீரியடில் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். பல்பம் தின்பாள். ஒரு வாரத்துக்கு நான்கு பல்பம் காணாமல் போகும். நான் அவளைச் சோம்பேறி என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். ஸ்கேலால் முட்டியில் தட்டியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க வெளியே நிற்க வைத்தேன். வெயிலில் இல்லை, வராண்டாவில்தான். இருந்தாலும் நிற்க வைத்தது நிற்க வைத்ததுதானே.

அந்த வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு டாக்டரம்மா பள்ளிக்கு வந்தார். வரிசையாகப் பிள்ளைகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர் இவளிடம் வந்ததும் நின்றுவிட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இமைக்குள் சிவப்பே இல்லை, வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது. "டீச்சர், இந்தப் பொண்ணு எப்படி நடந்து ஸ்கூலுக்கு வருது?" என்று கேட்டார். இரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 5-ஐத் தாண்டவில்லை. கொக்கிப்புழு. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் அந்தப் பெண் கிணற்று மேட்டிலிருந்து ஓடிவந்து என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். பல்பம் தின்பதும் நின்றுபோனது.

கொக்கிப்புழுவை நான் பாடப் புத்தகத்தில் நடத்தியிருந்தேன், படமும் வரைந்து பாகம் குறித்திருந்தேன். என் கண்ணெதிரே இருந்த பிள்ளையிடம் அது எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்துதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த அந்த "செருப்பு டீச்சர்" ஆனேன். செருப்பு போடாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பியது, நகம் பார்த்தது, சோறு உண்ணும் முன் கையை முகர்ந்து பார்த்தது எல்லாம் அந்தப் பெண்ணால் வந்தது. 2015-இல் தேசிய குடற்புழு நீக்க நாள் வந்தபோது எனக்கு என் சொந்த விழா மாதிரி இருந்தது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஆளுக்கு ஒன்று. என் முன்னால் மென்றுதான் விழுங்க வேண்டும்.

வீட்டிலும் அதே சட்டம்தான். என் மகள் வெறுங்காலோடு வாசல் தாண்டியதில்லை. மண்ணில் விளையாட விட்டதில்லை. காய்ச்சிய தண்ணீர்தான். வருஷத்துக்கு இரண்டு முறை பூச்சி மருந்து. பக்கத்து வீட்டுக்காரர்கள் "டீச்சர் பொண்ணு கால்ல தூசி ஒட்டாது" என்பார்கள். எனக்கு அதில் பெருமை.

அவளுக்கு 2014-இல் வயிற்று வலி ஆரம்பித்தது. சென்னையில் ஐ.டி. கம்பெனி வேலை, பெருங்குடியில் விடுதி. ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை பேதி என்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓட்டல் சாப்பாடு, தூக்கமில்லை, டென்ஷன். ஒரு வருஷம் இதையேதான் சொன்னேன். பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பதினோரு கிலோ குறைந்திருந்தாள்.

குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதலில் குடல் காசநோய் என்றார்கள். ஆறு மாதம் டி.பி. மாத்திரை சாப்பிட்டாள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பார்த்தாலே பயமாக இருக்கும். வலி குறையவில்லை. பிறகுதான் க்ரோன்ஸ் நோய் என்று முடிவானது. டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். குடல் காசநோயும் க்ரோன்ஸும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குமாம். நம் நாட்டில் காசநோய் அதிகம், அதனால் முதலில் அதற்குத்தான் மருந்து கொடுத்துப் பார்ப்பார்களாம். க்ரோன்ஸ் என்றால் நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே நம் குடலைப் புண்ணாக்குவது. முழுக்கக் குணமாக்க மருந்து கிடையாது, அடக்கி வைக்கத்தான் மருந்து. ஸ்டீராய்டு போட்டார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

2016 பிப்ரவரி. பள்ளியில் மாத்திரை கொடுத்த நாள். எல்லாம் முடித்து, பதிவேட்டில் எண்ணிக்கை எழுதி, வீட்டுக்கு வந்து காபி போடுகிறேன், மகளிடமிருந்து போன்.

"அம்மா, இன்னிக்கு எத்தனை பிள்ளைங்களுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்த?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"அந்தப் பூச்சியை நான் காசு கொடுத்து வாங்கலாம்னு இருக்கேன்."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை. வெளிநாட்டில் இந்த மாதிரி நோய்க்குக் கொக்கிப்புழுக் குட்டிகளை ஒரு துணியில் வைத்துக் கையில் ஒட்டிக்கொள்கிறார்களாம். சிலர் பன்றி வயிற்றுப் புழுவின் முட்டையைத் தண்ணீரில் கலந்து குடிக்கிறார்களாம். ஒரு இடத்துக்கு மெயில் போட்டிருக்கிறாள். அவர்கள் கேட்ட தொகை என் இரண்டு மாதச் சம்பளம்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினேன். அவள் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ என்னை மண்ணுலயே விடாம வளர்த்தியே, அதனாலதான் எனக்கு இது வந்திருக்குமோன்னு ஒரு கட்டுரையில படிச்சேன். அது பைத்தியமில்லையா?"

போனை வைத்துவிட்டாள். பதினோரு நாள் பேசவில்லை. எங்க வீட்டுக்காரர்தான் நடுவில் தூது. பன்னிரண்டாம் நாள் நானே கூப்பிட்டேன். "நீ படிச்சதையெல்லாம் எனக்கு அனுப்பு. நானும் படிக்கிறேன். படிச்சிட்டுச் சொல்றேன்" என்றேன்.

ஒரு கட்டுக் காகிதம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். நம் பள்ளியில் படித்துப் பிறகு விலங்கியலில் ஆராய்ச்சி செய்த ஒரு தம்பி வேலூரில் இருக்கிறான். தினம் இரவு எட்டு மணிக்கு அவனுக்குப் போன் செய்வேன், நான் வாசிக்க அவன் விளக்குவான். டீச்சருக்கு மாணவன் டியூஷன் எடுத்தான். இரண்டு மாதம் நடந்தது. படித்ததைச் சொல்கிறேன்.

1989-இல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்ட்ராக்கன் என்பவர் ஒரு விஷயம் கவனித்தார். கூடப்பிறந்தவர்கள் நிறைய உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மூக்கொழுகும் அலர்ஜி குறைவு. சிறு வயதில் கிருமிகளோடு பழகாத உடம்புக்குப் பிற்பாடு தகராறு வருகிறதோ என்று எழுதினார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஜோயல் வைன்ஸ்டாக் என்ற குடல் மருத்துவர் இன்னொன்று யோசித்தார். க்ரோன்ஸ் மாதிரி நோய்கள் பணக்கார நாடுகளில், அதுவும் கடந்த நூறு வருஷத்துக்குள்தான் பெருகின. அதே காலத்தில் அந்த நாடுகளில் என்ன காணாமல் போனது? குடற்புழு. மனிதன் தோன்றிய நாளிலிருந்து வயிற்றில் இருந்த ஜீவன் திடீரென்று இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

தம்பி எனக்கு விளக்கியதை வகுப்பறை மாதிரிச் சொல்கிறேன். எதிர்ப்பு சக்தி என்பது முரட்டுப் பையன்கள் நிறைந்த வகுப்பு. எதிரி வந்தால் சண்டை போடத்தான் அவர்கள். வயிற்றில் பல வருஷம் குடியிருக்க வேண்டிய புழுவுக்கு அவர்கள் சண்டை போட்டால் ஆகாது. அதனால் அது வகுப்பு லீடரைக் கைக்குள் போட்டுக்கொள்கிறது. உடம்பில் "சும்மா இரு" என்று அடக்கி வைக்கிற செல்கள் உண்டு. அவற்றைப் பெருக்கிவிடுகிற பொருளைப் புழு சுரக்கிறது. ஒரு வகை எலிப்புழு, உடம்பே சுரக்கிற ஒரு புரதத்தைப் போலவே வேலை செய்கிற புரதத்தைச் சுரக்கிறதாம். பல்லாயிரம் வருஷமாக நம் உடம்பு இந்தத் தந்திரத்தோடு பழகி வளர்ந்தது. புழு போன பிறகு லீடர் பலவீனமாகிவிட்டான், பையன்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்கிறார்கள். யோசனை இதுதான். முட்டாள்தனமாக எனக்குப் படவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

வைன்ஸ்டாக்கும் அவர் கூட்டாளிகளும் பன்றியின் சாட்டைப்புழு முட்டையைத் தேர்ந்தெடுத்தார்கள். அது மனிதக் குடலில் நிரந்தரமாகத் தங்காது, சீக்கிரம் போய்விடும். க்ரோன்ஸ் உள்ள 29 பேருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 2,500 முட்டை கொடுத்தார்கள். 24 வாரத்தில் 21 பேருக்கு நோய் அடங்கியது. 2005-இல் வெளியான முடிவு. என் மகள் இந்த வரியை மஞ்சள் பேனாவால் கோடு போட்டு அனுப்பியிருந்தாள். ஆனால் அதில் முட்டை கொடுக்காத எதிர்க்குழு இல்லை. நான் முப்பது வருஷம் கணக்கு எடுத்தவள், எதோடு ஒப்பிடுவது என்று கேட்கத் தோன்றியது. அதே ஆண்டு பெருங்குடல் புண் நோய்க்கு அவர்கள் செய்த இன்னொரு சோதனையில் எதிர்க்குழு இருந்தது. முட்டை குடித்த 30 பேரில் 13 பேர் தேறினார்கள். வெறும் திரவம் குடித்த 24 பேரில் 4 பேர். நல்ல வித்தியாசம்தான்.

அர்ஜென்டினாவில் பியூனஸ் அயர்ஸில் ஜார்ஜ் கொரியாலே என்ற நரம்பியல் மருத்துவர் வேறொரு நோயில் இதைப் பார்த்தார். நரம்பின் உறையை எதிர்ப்பு சக்தியே தின்றுவிடும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். தற்செயலாகக் குடற்புழு தொற்றிய 12 நோயாளிகள், தொற்றாத 12 நோயாளிகள். நாலரை ஆண்டுக்கு மேல் கவனித்தார். புழு இல்லாதவர்களுக்கு மொத்தம் 56 முறை நோய் திரும்பத் தாக்கியது. புழு உள்ளவர்களுக்கு 3 முறை. பிறகு அவர்களில் நான்கு பேருக்குப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டி வந்தது. கொடுத்த பின் அவர்கள் நோய் மறுபடி கிளம்பியது. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 138 மாத்திரையை எண்ணிக் கொடுத்தவள் நான்.

இன்னொரு கதை. அமெரிக்காவில் பெருங்குடல் புண்ணால் அவதிப்பட்ட ஒருவர் தாய்லாந்துக்கே போய் மனிதச் சாட்டைப்புழு முட்டை வாங்கினார். முதலில் 500, பிறகு 1,000 முட்டை விழுங்கினார். சில வருஷம் ஏறக்குறைய மருந்தே இல்லாமல் நன்றாக இருந்தார். அவரை ஆராய்ந்து 2010-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த முட்டை எங்கிருந்து வந்தது தெரியுமா? தென் தாய்லாந்தில் புழுத் தொற்று இருந்த 11 வயதுச் சிறுமியிடமிருந்து. நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு என் நான்காம் வகுப்புப் பெண் ஞாபகம் வந்தாள். ஒரு குழந்தையின் வயிற்றில் வியாதியாக இருப்பது இன்னொரு ஊர்க்காரருக்கு மருந்து. தம்பியிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், அந்தப் பொண்ணு வயித்துல எத்தனை புழு இருந்துச்சு, இவர் எத்தனை எடுத்துக்கிட்டார், அதுலதான் எல்லாம் இருக்கு" என்றான்.

அதன்பின் கணக்கு போட்டுப் பார்த்தேன். கொக்கிப்புழுவில் ஒரு வகை ஒரு நாளைக்குச் சுமார் 0.03 மில்லி இரத்தம் குடிக்கும். இன்னொரு வகை 0.15 மில்லி, சில நேரம் அதற்கு மேலும். ஆராய்ச்சியில் கொடுப்பது முதல் வகை. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் டேவிட் பிரிட்சார்ட் என்பவர் பாப்புவா நியூ கினியில் வேலை செய்தபோது புழுவுக்கும் அலர்ஜிக்கும் உள்ள தொடர்பைக் கவனித்து, பிறகு தன் கையிலேயே 50 குட்டிகளை ஒட்டிக்கொண்டார். வயிறு கலக்கியெடுத்துவிட்டது. 10 போதும் என்று முடிவுக்கு வந்தார்கள். பத்துப் புழு என்றால் நாளைக்கு 0.3 மில்லி. நன்றாகச் சாப்பிடுகிற ஆளுக்கு அது ஒன்றுமே இல்லை. அதுவே நூறு புழு சுமக்கும் குழந்தைக்கு நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி. அரை வயிற்றுக் கஞ்சி குடிக்கும் எட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து. இந்தப் புழு உடம்புக்குள் பெருகாது. மண்ணிலிருந்து எத்தனை ஏறுகிறதோ அத்தனைதான். சோதனையில் எண்ணி வைக்கிறார்கள். ஏரிக்கரை எண்ணி வைக்காது, தினம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இவ்வளவும் முன்பாதி. பின்பாதியை என் மகள் அனுப்பவில்லை, தம்பிதான் தேடிக் கொடுத்தான். 2005-இல் அவ்வளவு நம்பிக்கை கொடுத்த பன்றிப்புழு முட்டையைப் பெரிய அளவில் க்ரோன்ஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். அமெரிக்காவில் 250 பேர். ஐரோப்பாவில் இன்னொரு சோதனை. 2013-இல் இரண்டும் தோற்றன. முட்டை குடித்தவர்களும் வெறும் திரவம் குடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினார்கள். டென்மார்க்கில் மூக்கலர்ஜிக்குப் பார்த்தார்கள், பலன் இல்லை. நாட்டிங்காமில் ஆஸ்துமாவுக்குப் பார்த்தார்கள், சொல்லும்படியான பலன் இல்லை. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும். மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே சிலருக்கு இறங்கும். அதனால்தான் எதிர்க்குழு வைப்பது.

இதை எப்படி மகளிடம் சொல்வது? தோற்ற சோதனையை நான் சந்தோஷமாகக் காட்டுகிறேன் என்று நினைத்துவிடுவாள். நான் சொல்லவில்லை. "உன் டாக்டரிடம் போவோம், நீயே கேள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன்.

அந்த டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் கும்பிடுவேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆர்டர் பண்ணிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள். எனக்குப் பக்கென்றது. பணம் கட்டவில்லை, முகவரி மட்டும் கொடுத்திருக்கிறேன் என்றாள்.

அவர் சொன்னதை என் நினைவிலிருந்து எழுதுகிறேன். "இந்த யோசனை தப்பில்லைம்மா. பெரிய பெரிய ஆளுங்க இன்னும் ஆராயறாங்க. ஆனா உங்களுக்கு இப்ப ஹீமோகுளோபின் 8.6. இரத்தம் குடிக்கிற ஜந்துவை உள்ள விட இது நேரமில்ல. இன்னொண்ணு, இதுங்களை ஒரு மனுஷனோட மலத்துலேர்ந்துதான் வளர்த்து எடுக்கணும். வேற எதுவும் கலக்கலன்னு யார் பார்த்தா? ஸ்ட்ராங்கிலாய்டஸ்னு ஒரு புழு இருக்கு. அது மத்தது மாதிரி இல்ல, உடம்புக்குள்ளேயே பெருகும். நீங்க ஸ்டீராய்டு எடுக்கிறீங்க. ஸ்டீராய்டு எடுக்கிறவங்க உடம்புல அது பரவினா உயிருக்கே ஆபத்து. நான் பார்த்திருக்கேன்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் என் மகள், "எங்கம்மா என்னை மண்ணுல விளையாட விடல டாக்டர். அதனாலயா?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டாள்.

நான் இந்தக் கேள்விக்குத்தான் இரண்டு மாதம் படித்தேன். பதில் என்னிடம் இருந்தது, ஆனால் இரண்டாக இருந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்த பின் தூசிப்பூச்சிக்கு அவர்கள் தோலில் அலர்ஜி கூடியது என்று ஒரு ஆய்வு. ஈக்வடாரில் ஒரு வருஷம் திரும்பத் திரும்ப அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்ததில் அலர்ஜி கூடவில்லை என்று இன்னொரு ஆய்வு. இங்கிலாந்துக்குக் குடிபோன நம் நாட்டுக்காரர்களின் பிள்ளைகளுக்கு அங்கேயே வளர்வதால் குடல் அழற்சி கூடுகிறது என்றும் படித்தேன். அங்கே மாறியது புழு மட்டுமா? சாப்பாடு மாறியது, ஆன்டிபயாடிக் மாறியது, காற்று மாறியது.

டாக்டர், "உங்க தெருவில செருப்பு போட்டு வளர்ந்த பிள்ளைங்க எத்தனை பேர்? எல்லாருக்கும் க்ரோன்ஸ் வந்துச்சா? அம்மாவை விடுங்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் கண்ணில் தண்ணீர். உண்மையில் அவர் "இல்லை" என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். இன்னார் இன்னாரால்தான் இந்த நோய் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் அவர் சொன்னது. அந்த இடத்திலேயே நான் இன்னும் நிற்கிறேன்.

அவள் ஆர்டர் பண்ணவில்லை. ஸ்டீராய்டைக் குறைத்து, வேறு மாத்திரை கொடுத்து, அதுவும் போதாமல் அடுத்த வருஷம் ஊசிக்கு மாறினாள். இரண்டு வாரத்துக்கு ஒன்று, தானே வயிற்றில் போட்டுக்கொள்வாள். விலை கூடுதல்தான், எதிர்ப்பு சக்தியைக் குறைப்பதால் வேறு தொற்று வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் புண் ஆறியது. எடை ஏறியது. கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளையிடம் எல்லாம் சொல்லித்தான் நடந்தது. ஒரு பையன் இருக்கிறான். நடுவில் இரண்டு முறை நோய் கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அடங்கியிருக்கிறது.

புழு ஆராய்ச்சியும் முடிந்துவிடவில்லை. தம்பி இப்போதும் ஏதாவது வந்தால் அனுப்புவான். நாட்டிங்காமில் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் உள்ள 71 பேரிடம், பாதிப் பேருக்கு 25 கொக்கிப்புழுக் குட்டிகளை ஒட்டிப் பார்த்து 2020-இல் முடிவு எழுதினார்கள். மூளையில் புதிய தழும்புகளின் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த "லீடர்" செல்கள் இரத்தத்தில் கூடியிருந்தன. ஆஸ்திரேலியாவில் கோதுமை ஒத்துக்கொள்ளாத நோயாளிகளிடம் பார்த்தார்கள், பிறகு சர்க்கரை நோய் வரும் நிலையில் உள்ளவர்களிடமும். இப்போது பலர் புழுவை விட்டுவிட்டு அது சுரக்கும் புரதத்தை மட்டும் பிரித்து மருந்தாக்கலாமா என்று பார்க்கிறார்கள். அது வந்தால் என் மகளுக்கு நானே வாங்கிக் கொடுப்பேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உயிருள்ள புழுவை மருந்தாக இதுவரை அங்கீகரிக்கவில்லை. ஆகவே யாராவது போனில் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று எனக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் பேதி, இரத்தம், எடை குறைவு என்றால் குடல் மருத்துவரிடம் போங்கள். என்னைப் போல டென்ஷன் என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். என் நாத்தனார் ஊர் திமிரிப் பக்கம். அங்கே சில வருஷங்களுக்கு முன் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் பெரியவர்களுக்கும் வீடு வீடாக வந்து பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி. நடத்திய ஆராய்ச்சி. திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், அதோடு ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும். ஊர் முழுக்கக் கொடுத்தால் மண்ணிலிருந்தே புழுவை ஒழிக்க முடியுமா என்று பார்ப்பதற்காம். நாத்தனார் போன் செய்து, "அண்ணி, நீங்கதான் இந்தப் பூச்சியைப் பத்திப் படிச்சவங்களாச்சே, போட்டுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு நொடி யோசித்தேன். அந்தப் பன்னிரண்டு அர்ஜென்டினாக்காரர்கள் மனதில் வந்து போனார்கள். பிறகு நாத்தனாரின் வெளுத்த முகம் வந்தது. "மென்னு முழுங்கு. முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டு" என்றேன்.

அந்த நான்காம் வகுப்புப் பெண் இப்போது ஆரணியில் தையல் கடை வைத்திருக்கிறாள். என் ரவிக்கையெல்லாம் அவள் தைத்ததுதான், கூலி வாங்க மாட்டாள், சண்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "நிக்க வெச்சதை எழுதுங்க டீச்சர், ஆனா டாக்டரம்மா வந்தன்னிக்கு நீங்க அழுததையும் எழுதுங்க" என்றாள். அழுதேனா என்று எனக்கு ஞாபகமில்லை. அவள் சொல்கிறாள், எழுதிவிட்டேன்.

விடுமுறைக்கு மகளும் பேரனும் வந்திருக்கிறார்கள். அவனுக்கு நாலு வயது. காலையிலிருந்து கொல்லைப்புறத்தில் மண்ணைக் குழைத்து இட்லி சுடுகிறான். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறேன். மகள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "விடும்மா, கொஞ்ச நேரம் விளையாடட்டும்" என்கிறாள். "விளையாடட்டும், யார் வேண்டாம்னா? செருப்பைப் போட்டுக்கிட்டு விளையாடட்டும்" என்கிறேன். இரண்டு பேருக்கும் வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால் ஒரு செருப்பு வாசற்படியில் கிடக்கிறது, இன்னொன்றைக் காணவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் கமெண்டுகளுக்குப் பதில் போடுகிறேன்.